நாலில் எது சரி? எல்லையோர இளைஞர்களின் ஒன்றரை மார்க் போராட்டம்

'ஒவ்வொரு தொழிலாளர்களுக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டன.'

இந்தத் தொடரில் பிழை இருக்கிறது, சரியானதைத் தேர்ந்தெடு என்கிறது வினாத்தாள். கீழே நான்கு விடைகள்.

அ) ஒவ்வொரு தொழிலாளர்களுக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது.
ஆ) ஒவ்வொரு தொழிலாளருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டன.
இ) ஒவ்வொரு தொழிலாளருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது.
ஈ) தொழிலாளர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன.

முதல் இரண்டும் உடனே போய்விடும். 'ஒவ்வொரு' என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது ஒருமையாக இருக்க வேண்டும். 'அட்டை' ஒருமை என்றால் வினைமுற்றும் ஒருமைதான். மிச்சம் இ, ஈ. இரண்டிலும் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எந்த வட்டத்தைக் கறுப்பது?

இது இந்தக் கட்டுரைக்காக நாமே எழுதிய மாதிரிக் கேள்வி. ஆனால் டிஎன்பிஎஸ்சி பழைய தாள்களைப் புரட்டியவர்களுக்கு இதன் முகம் நன்றாகத் தெரியும். விடை தெரியாத கேள்வியை விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டு விடை சரியாகத் தெரிகிற கேள்விதான் ஆளை உட்கார வைத்துவிடும். மூன்று மணி நேரத் தேர்வில் ஐந்து நிமிடத்தை விழுங்கிவிட்டு, அடுத்த பத்துக் கேள்விகளுக்கான தைரியத்தையும் கொண்டு போய்விடும்.

ஓசூரில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து இது வேலை கிடைக்கும் ஊர். அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் என்று ஆரம்பித்த வரிசை, இப்போது கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் என்று நீண்டிருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு இங்கே எல்லோரும் செட்டில் ஆகிவிட்டார்கள் என்று நினைத்தால் தவறு. இங்கே வேலைக்குப் பஞ்சம் இல்லை. நிரந்தர வேலைக்குத்தான் பஞ்சம். அப்ரன்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று இரண்டு மூன்று வருடம் ஓடியதும் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கம்பெனி வாசலில் நிற்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம். பயோடேட்டாவில் கம்பெனிப் பெயர்கள் கூடும். சம்பளம் அவ்வளவாகக் கூடாது.

அதனால்தான் ஷிப்ட் பஸ்ஸில் காதில் இயர்போனோடு இலக்கண வகுப்பு கேட்கிறவர்களை இங்கே பார்க்க முடிகிறது. விஏஓ, இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று குரூப் 4 தேர்வு தரும் வேலைகள், லைனில் நின்று கால் வீங்கியவர்களுக்கு வேறொரு உலகம். கிருஷ்ணகிரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் போன்ற இலவசப் பயிற்சிகளை நம்பித்தான் பலரும் படிக்கிறார்கள்.

குரூப் 4 தாளில் 200 கேள்வி, 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை. முதல் 100 கேள்விகள் தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 40 சதவீதம், அதாவது 60 எடுக்காவிட்டால், மீதிப் பாதியில் என்ன எழுதியிருந்தாலும் திருத்தமாட்டார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு கட்டாயத் தமிழ்த் தாளைக் கொண்டுவந்த பிறகு, பொது ஆங்கிலம் எடுத்துத் தப்பிக்கும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு 13 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. தமிழ்ப் பகுதி கடினம் என்று அன்றைக்கு மாநிலம் முழுக்கக் குரல் எழுந்ததும் நினைவிருக்கலாம். இவ்வளவு பேர் நெருக்கியடிக்கும் இடத்தில் ஒன்றரை மதிப்பெண் என்பது தரவரிசையில் பெரிய கூட்டத்தையே தாண்டிப் போவது.

காதை நம்பலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் நான்கு மொழி மாவட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் அரசுப் பள்ளிகள் நடக்கின்றன. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, கம்பெனியில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்கள் ஏராளம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்பித்தல் சட்டம் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. மொழிச் சிறுபான்மை மாணவர்கள் நீதிமன்றம் போய் விலக்குப் பெற்றார்கள்; 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் அந்த வழக்கு போனது. பள்ளியில் விலக்கு வாங்கினாலும் டிஎன்பிஎஸ்சி வாசலில் விலக்கு இல்லை. ஆகவே எல்லையோரப் பிள்ளைக்குத் தமிழ்த் தாள் கூடுதல் சுமை என்பது பொதுவான பேச்சு.

அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

'மாடுகள் மேய்ந்தது' என்பது பிழை, 'மாடுகள் மேய்ந்தன' என்பதுதான் சரி. இதைச் சொல்லிக்கொடுக்காமலே உணரும் காது மதுரைக்காரருக்கு இருக்கிறதா? இல்லை. பேச்சுத் தமிழில் 'மாடு வந்துச்சு', 'மாடுங்க வந்துச்சு' இரண்டுக்கும் ஒரே வினைதான். அஃறிணைப் பன்மை வினைமுற்று நம் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. எழுத்தில்தான் உயிரோடு இருக்கிறது. ஆனால் தெலுங்கில் அது இன்றும் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. 'ஆவு வச்சிந்தி' என்றால் ஒரு பசு. 'ஆவுலு வச்சாயி' என்றால் பல பசுக்கள். கன்னடத்திலும் ஒன்றுக்கு 'பந்து', பலவற்றுக்கு 'பந்தவு'. பாகலூரில் தெலுங்கு பேசி வளர்ந்த பெண் ஒரு தமிழ்த் தொடரை மனதுக்குள் தெலுங்கில் சொல்லிப் பார்த்தாலே போதும், அங்கே 'தன' வர வேண்டுமா 'தது' வர வேண்டுமா என்று தெரிந்துவிடும். தமிழை மட்டுமே பேசுகிறவருக்குக் கிடைக்காத வசதி இது. கோச்சிங் வகுப்புகள் இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டிருப்பது வியப்பாக இருக்கிறது.

அதே தெலுங்கு வேறொரு இடத்தில் காலை வாரிவிடும். அங்கே 'அம்மா வச்சிந்தி', 'ஆவு வச்சிந்தி' இரண்டும் ஒன்று. பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் ஒரே விகுதி. நம் வட்டாரப் பேச்சிலும் 'டீச்சர் வந்துச்சு', 'அக்கா சொல்லுச்சு' என்பது சகஜம். மரியாதைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை. எழுத்துத் தமிழில் அது திணைவழு. இந்த ஒரு கண்ணியில் மட்டும் தெலுங்கு வீட்டுப் பிள்ளை கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கன்னடத்துக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை; அவர்களுக்குப் பெண்பாலுக்கென்று 'பந்தளு' தனியாக இருக்கிறது.

ஆக, 'கேட்க நன்றாக இருக்கிறதே' என்று விடை குறிப்பது யாருக்கும் ஆகாது. தாய்மொழி தமிழ் என்ற தைரியத்தில் காதை நம்பிக் கறுப்பவரைவிட, தன் காதைச் சந்தேகித்து விதியைப் படித்தவர் இந்தப் பகுதியில் தேறுவார் என்பதே என் எண்ணம்.

கோலார் தந்த இலக்கணம்

இன்னொரு சங்கதி. நம் பள்ளிகளில் படிக்கும் எழுத்து, சொல் இலக்கணத்துக்கு அடிப்படை பவணந்தி முனிவரின் நன்னூல். அதை எழுதச் சொல்லி ஆதரித்தவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன். கோலாரோடு தொடர்புடைய கங்க மரபுச் சிற்றரசன். கோலார் எங்கே இருக்கிறது? ஓசூருக்கு வடகிழக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம், இன்றைய கர்நாடகத்தில். தமிழ் மாணவர் எல்லோரையும் உருட்டி எடுக்கும் இலக்கணத்துக்குப் புரவலர் இந்த எல்லைப் பக்கத்துக்காரர்தான்.

நன்னூலார் பிழைகளை ஏழாகப் பிரித்தார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. அதோடு நின்றிருந்தால் தேர்வு எளிது. பிழைதான், ஆனாலும் ஒரு காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்று மூன்றாவது பெட்டி ஒன்றையும் வைத்துவிட்டார். அதுதான் வழுவமைதி. தன் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் திணை தவறுகிறது. ஆனால் உவப்பினால் சொன்னது, ஆகவே அமைதி.

இதைத் தேர்வறைக்குக் கொண்டு போங்கள். 'அமைச்சர் நாளை ஓசூர் வருகிறார்.' பிழையா? 'நாளை' என்றால் 'வருவார்' என்றுதான் வர வேண்டும், 'வருகிறார்' காலவழு. ஆனால் உறுதியாக நடக்கப் போவதை நிகழ்காலத்தில் சொல்வது கால வழுவமைதி என்று பாடநூலே சொல்கிறது. அப்படியானால் கேள்வி கேட்டவர் இரண்டில் எதை மனதில் வைத்திருக்கிறார்?

கேள்வியின் தலைப்பைப் பாருங்கள் என்பதே பதில். 'வழுவமைதிக்கு எடுத்துக்காட்டு எது' என்று கேட்டால் 'வருகிறார்'. 'பிழையற்ற தொடர் எது' என்று கேட்டு, விடைகளில் 'வருவார்' இருந்தால் 'வருவார்'. 'வருவார்' என்று எந்த விடையிலும் இல்லாவிட்டால் 'வருகிறார்' பிழையாகக் கருதப்படவில்லை என்று அர்த்தம். பிழை வேறெங்கோ இருக்கிறது. ஒரே தொடருக்கு மூன்று நிலை. தொடரை எத்தனை முறை படித்தாலும் இது விளங்காது. விடைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால்தான் விளங்கும்.

இந்த வகைக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் திறவுகோல் இதுதான் என்று சொல்வேன். தொடரை ஒருமுறை படித்துவிட்டு நேராக விடைகளுக்குப் போக வேண்டும். நான்கும் எந்தச் சொல்லில் வேறுபடுகின்றன? அந்த இடத்தில்தான் கேள்வி இருக்கிறது. நான்கிலும் ஒரே மாதிரி இருக்கும் சொல் உங்கள் கண்ணுக்குத் தவறாகப் பட்டாலும் அதைத் தொடாதீர்கள். 'அல்ல' என்பது பன்மைக்கு, 'அன்று' என்பது ஒருமைக்கு. 'இது என் கையெழுத்து அன்று' என்பதுதான் இலக்கணம். ஆனால் நான்கு விடைகளிலும் 'அல்ல' என்றே இருந்து, சந்தி மட்டும் மாறியிருந்தால், கேள்வி சந்தியைப் பற்றியது. 'அல்ல'வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மணிதான் போகும்.

குவாலிட்டியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். கையில் வந்த பாகம் அழகாக இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பதில்லை. டிராயிங்கில் சொன்ன அளவில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். இங்கே டிராயிங் என்பது அரசுப் பாடநூல்.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். இ, ஈ இரண்டும் பிழையற்றவை. ஆனால் 'ஈ' தொடரையே கலைத்து வேறாகக் கட்டியிருக்கிறது. 'அட்டை' என்பது 'அட்டைகள்' ஆனதில், ஒருவருக்கே பல அட்டை என்று பொருள் கொள்ளவும் இடம் வந்துவிட்டது. 'இ' பிழையை மட்டும் தொட்டிருக்கிறது. திருத்தம் என்றால் பிழையை நீக்குவது. தொடரைப் புதிதாக எழுதுவது அல்ல. இரண்டு விடை மிஞ்சினால், மூலத் தொடரிலிருந்து குறைவாக விலகியதை எடுங்கள். விடை இ.

(மேலே 'எழுதுவது அல்ல' என்று எழுதியதைக் கவனித்தீர்களா? ஒருமைக்கு 'அன்று' என்பது விதி. பத்திரிகைத் தமிழில் 'அல்ல' எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வார இதழ்களைப் பார்த்து இலக்கணம் கற்க வேண்டாம்.)

யானையும் வேலும்

தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் கேழ்வரகு விதைத்தவர்களுக்கு யானையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'புலி கொன்ற யானை' என்று ஒரு தொடர். செத்தது எது? புலியைக் கொன்ற யானை என்றும் சொல்லலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் சொல்லலாம். பொருள் இப்படித் தடுமாறுவதைத் தொல்காப்பியர் அப்போதே கண்டு, தடுமாறு தொழிற்பெயர் என்று பெயரும் வைத்தார். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணமும் இதே புலியும் யானையும்தான். பின்னால் வரும் சொல்லைக் கொண்டு பொருளைத் தெளியலாம் என்பது அவர் சொன்ன வழி. 'புலி கொன்ற யானை காட்டுக்குள் ஓடியது' என்றால் யானை உயிரோடு இருக்கிறது. 'புலி கொன்ற யானையைப் புதைத்தார்கள்' என்றால் இல்லை.

பொருள் மயக்கம் உள்ள தொடரைத் திருத்தச் சொல்லும் கேள்விகளுக்கும் இந்த வழி உதவும். 'ஓசூரிலிருந்து வந்த மேலாளரின் கார் பழுதாகிவிட்டது.' ஓசூரிலிருந்து வந்தது மேலாளரா, காரா? 'மேலாளரின், ஓசூரிலிருந்து வந்த கார்' என்று எச்சத்தை அது தழுவும் பெயருக்குப் பக்கத்தில் நகர்த்திய விடை இருந்தால் அதுதான் நோக்கம். சொற்களைக் கூட்டாமல், இடம் மாற்றி மட்டுமே மயக்கம் தீர்த்த விடைக்கு முதலிடம் கொடுங்கள்.

சந்திப்பிழை இன்னும் நுட்பமானது. ஒரு 'க்' போதும். 'வேலை கொடு' என்றால் சிப்காட் வாசலில் கேட்பது. 'வேலைக் கொடு' என்றால் வேலாயுதத்தைக் கொடு என்று முருகனிடம் கேட்பது. இரண்டும் பிழையற்ற தமிழ். சூழல் இல்லாமல் தனித் தொடராக இதைக் கொடுத்து 'சந்திப்பிழையற்றது எது' என்று கேட்டால், பிழை கேள்வி தயாரித்தவர் பக்கம் இருக்கிறது.

அப்படிப்பட்ட தகராறுகள் தமிழில் இன்னும் சில உண்டு. 'நாள்கள்' என்பதா 'நாட்கள்' என்பதா? 'வாழ்த்துகளா', 'வாழ்த்துக்களா'? புலவர்கள் மேடை போட்டுச் சண்டையிட்டவை இவை. தேர்வுக்கு அந்தச் சண்டை வேண்டாம். பாடநூல் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படி. யானையின் இளமைப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கன்று' என்று பள்ளியில் படிக்கிறோம். தொல்காப்பிய மரபியலோ கன்று, குழவி இரண்டையும் அனுமதிக்கிறது. விடைகளில் இரண்டுமே வந்தால் 'கன்று' என்று குறியுங்கள். வீட்டுக்கு வந்து மரபியலைத் தேடுங்கள். அதற்கும் ஒரு பயன் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஆங்கிலத் தாளும் ஒரு கணக்கும்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, வங்கிகளுக்கான ஐபிபிஎஸ் தேர்வுகளில் இதே விளையாட்டு ஆங்கிலத்தில் நடக்கிறது. தொடரைத் துண்டு துண்டாக்கி எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். கடைசியில் 'நோ எர்ரர்' என்றொரு விடை கண் சிமிட்டும். தொழிற்சாலை ஆங்கிலம் பழகியவர்களுக்கு இங்கே ஆபத்து அதிகம். 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' இரண்டையும் சொல்லாத புரொடக்‌ஷன் மீட்டிங் ஓசூரில் நடந்திருக்காது. தேர்வில் இரண்டும் பிழை. மேலாளரின் மெயிலைப் பார்த்துக் கற்ற ஆங்கிலத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். 'ஈச் அதர்' இருவருக்கு, 'ஒன் அனதர்' இருவருக்கு மேல் என்பது போன்ற விதிகளை இன்றைய ஆங்கில அகராதிகள் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. நம் ஊர்த் தேர்வுகள் இன்னும் ரென் அண்ட் மார்ட்டின் காலத்துக் கறாரில்தான் நிற்கின்றன. ஆகவே சந்தேகம் வந்தால் பழைய விதி.

இரண்டு விடையில் மாட்டிக்கொண்டால் குறிப்பதா, விடுவதா? இதற்குக் கணக்கு இருக்கிறது. டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. அதைக் கறுத்தால் கிடைப்பது பூஜ்யம். தவறாகக் குறித்தாலும் பூஜ்யம். எனவே இரண்டு விடையை நீக்கிவிட்ட பிறகு அந்த ஐந்தாவது வட்டத்தைத் தொடுவது கையில் இருந்த பாதி வாய்ப்பைத் தூக்கி எறிவது.

எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத்தில் சரிக்கு 2, தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு. நான்கில் இரண்டை நீக்கிவிட்டுக் குறித்தால் சராசரியாக முக்கால் மதிப்பெண் லாபம், குறிக்கத்தான் வேண்டும். வங்கித் தேர்வில் ஐந்து விடை, தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. கண்ணை மூடிக் குறித்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒன்றே ஒன்றை நீக்க முடிந்தாலும் லாபம் பக்கம் சாயும். நெகட்டிவ் மார்க் என்றாலே பயந்து விடுகிறவர்கள் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எம்பிஏ கனவோடு ஜிமேட் எழுதப் போகும் ஓசூர் இன்ஜினியர்களுக்கு மட்டும் இந்தத் தலைவலி ஒழிந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். 2024 ஜனவரியோடு பழைய தேர்வும் முடிந்தது.

கேள்வியே தவறாக இருந்தால்

இதுவரை சொன்னது எழுதுகிறவர் செய்ய வேண்டியது. கேட்கிறவருக்கும் பொறுப்பு உண்டு.

2002 அக்டோபரில் அமெரிக்காவில் பிஎஸ்ஏடி தேர்வு நடந்தது. எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றிய ஒரு தொடரில் பிழை உண்டா என்று கேட்டிருந்தார்கள். பிழை இல்லை என்பது அதிகாரபூர்வ விடை. மேரிலாந்து மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் கெவின் கீகன் ஒப்புக்கொள்ளவில்லை. தொடரில் 'மாரிசனின்' என்று உடைமைப் பெயர்தான் வருகிறது, அதைச் சுட்ட 'ஹெர்' என்ற பதிலிப்பெயரைப் பயன்படுத்துவது பழைய இலக்கண விதிப்படி தவறு என்று எழுதினார். முதலில் மறுத்தார்கள். அவர் விடாமல் எழுதினார். கடைசியில் 2003இல் அந்தக் கேள்வியையே நீக்கி மதிப்பெண்களை மறுபடி கணக்கிட்டார்கள். மொழி வல்லுநர்களிலேயே பலர் அந்தத் தொடரில் பிழை இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் வல்லுநர்களே இரண்டாகப் பிரியும் கேள்வியைக் கொண்டு மாணவரைத் தரம் பிரிக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம் உச்ச நீதிமன்றம் இதை அதற்கு இருபது வருடம் முன்பே சொல்லியிருக்கிறது. 1983இல் கான்பூர் பல்கலைக்கழகத்துக்கும் சமீர் குப்தாவுக்கும் நடந்த வழக்கு. மருத்துவ நுழைவுத் தேர்வில் விடைக்குறிப்பு தவறு என்று மாணவர்கள் போனார்கள். விடைக்குறிப்பு சரி என்றே கருத வேண்டும், ஆனால் தவறு என்று தெளிவாக நிரூபித்தால் மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். கேள்விகள் மயக்கமில்லாமல் இருக்க வேண்டும். மயக்கம் சுட்டிக்காட்டப்பட்டால் அந்தக் கேள்வியை உடனே நீக்க வேண்டும் என்றும் சொன்னது. 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது: சந்தேகம் என்று வந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே போகும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். 'குழப்பமாக இருக்கிறது' என்று நீதிமன்றம் போவதில் பயனில்லை. தவறு என்று நூலைக் காட்டி நிறுவ வேண்டும்.

கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 2024 ஆகஸ்டில் கர்நாடக அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய கேஏஎஸ் முதல்நிலைத் தேர்வில் கன்னட மொழிபெயர்ப்பு பிழை மலிந்து, கன்னடத்தில் எழுதியவர்கள் கேள்வியே புரியாமல் தவித்தார்கள். முதல்வர் சித்தராமையா மறுதேர்வு நடத்தச் சொன்னார். டிசம்பர் 29 அன்று மறுதேர்வு நடந்தது. அதிலும் பிழைகள். நம் பக்கம் 2018இல் தமிழ் நீட் தாளின் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று கூறி, தலா 4 வீதம் 196 மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எல்லையின் இரண்டு பக்கமும் தாய்மொழியில் எழுதியவர்களே அடிபட்டார்கள்.

டிஎன்பிஎஸ்சியிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம். தேர்வு முடிந்து உத்தேச விடைக்குறிப்பு வருகிறது, ஆட்சேபங்கள் வாங்கப்படுகின்றன, பிறகு இறுதி விடைக்குறிப்பு வருகிறது. அதில் எழுத்துதான் இருக்கும், காரணம் இருக்காது. இலக்கணக் கேள்விகளுக்காவது எந்த விதி, எந்தப் பாடநூல், எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்த வருடம் எழுதப் போகிறவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. கேள்வி தயாரிப்பவருக்கும் அது கடிவாளம்: காரணம் எழுத முடியாத கேள்வியை அவரே விலக்கிவிடுவார். ஐபிபிஎஸ் விடைக்குறிப்பையே வெளியிடுவதில்லை என்பது இதைவிட மோசம். அங்கே ஆட்சேபிக்கவே வழியில்லை.

டிஎன்பிஎஸ்சியில் வழி இருக்கிறது. ஆனால் தேர்வு முடிந்த மறுநாளே ஷிப்டுக்குப் போய்விடும் ஓசூர் இளைஞர்கள் பலர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை; நாலு பேர் டீக்கடையில் கேள்வியைத் திட்டுவதோடு சரி. யானைக் குழவியை மரபியலில் தேடச் சொன்னது இதற்காகத்தான். உத்தேச விடைக்குறிப்பு வெளியான பிறகு ஆட்சேபம் சொல்ல டிஎன்பிஎஸ்சி தரும் அவகாசம் ஏழு நாள். தேர்வு நாள் இரவே சந்தேகக் கேள்விகளைக் குறித்து வையுங்கள். கைடும் வாட்ஸ்அப் குறிப்பும் ஆதாரமாக நிற்காது. பாடநூல் பக்கத்தையோ இலக்கண நூலின் நூற்பாவையோ படமெடுத்து, விடைக்குறிப்பு வந்த அன்றே இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள்.